கதிர்வீச்சும் அடுப்புப் புகையும்

இலக்கியத்தில் அச்சம் என்னும் உணர்ச்சி பெறவேண்டிய இடம் யாது என்ற வினாவை நமது விமர்சகர்கள் அதிகம் எழுப்பியதில்லை. மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாக அச்சத்தை வகுத்த தொல்காப்பியர், அது பிறக்கும் இடங்களையும் நான்காக எண்ணிக் காட்டினார். தெய்வம், கொடிய விலங்கு, திருடர், ஆளும் அரசன் என்பன அவை. பண்டைத் தமிழன் எவற்றுக்கெல்லாம் அஞ்சினான் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் கண்ணுக்குத் தோன்றாமல், மணமோ சுவையோ இல்லாமல், இன்று உடலைத் தாக்கி இருபது ஆண்டுகளின் பின் நோயாக வெளிப்படக்கூடிய ஒன்றுக்கு அஞ்சவேண்டிய நிலை அவனுக்கு ஏற்படவில்லை. நமக்கு ஏற்பட்டிருக்கிறது. அந்த அச்சத்தை நமது எழுத்தாளர் எவ்வாறு கையாண்டனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நயினாதீவிலிருந்து கூடங்குளம் நேர்கோட்டில் ஏறத்தாழ 275 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. 1988 இல் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக அங்கே எழுந்த அணுவுலைகளுள் முதலாவது, 2013 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 2011 மார்ச்சில், ஜப்பானின் ஃபுக்குஷிமாவில் விபத்து நிகழ்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் இடிந்தகரை மீனவர் உண்ணாவிரதம் தொடங்கினர். 2012 இல் இலங்கை அரசாங்கமும் கவலை தெரிவித்தது. அந்நாட்களில் நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றுகொண்டிருந்தேன். கவியரங்குகளிலும் மலர்களிலும் சிறு சஞ்சிகைகளிலும் கதிர்வீச்சுக் கவிதைகள் மலிந்த காலம் அது. நானும் ஒன்று எழுதினேன், மேடையேறிப் படித்தேன், கைதட்டலும் பெற்றேன்.

அந்தக் கவிதையை இன்று எடுத்துப் பார்க்கும்போது, அது என் ஒருவனுடைய குற்றமன்று, ஒரு வகையின் குற்றம் என்பது தெளிவாகின்றது. அவ்வகைப் படைப்புகளில் காளான் வடிவ முகில் தவறாது எழும். கருகிய வானம் இருக்கும். உருச்சிதைந்த குழந்தை ஒன்று பிறக்கும். மீன்கள் வெண்வயிறு காட்டி மிதக்கும். இறுதியில் கவிஞர் உலகத்தை நோக்கி ஒரு கேள்வி கேட்பார். என் கவிதையிலும் இவை அனைத்தும் இருந்தன. ஆனால் அதில் ஒரு மனிதன் இல்லை. அவன் செய்யும் தொழில் இல்லை. அவன் உண்ணும் உணவு இல்லை. எவ்வளவு கதிர்வீச்சு, எவ்வளவு காலம், யார்மீது என்ற வினா இல்லவே இல்லை. குண்டுக்கும் உலைக்கும் உள்ள வேறுபாட்டைக்கூட நான் அறிந்திருக்கவில்லை. அணுவுலை விபத்துக்குள்ளாகலாம், ஹிரோஷிமாவில் வெடித்ததுபோல அணுகுண்டாக அது வெடிக்கமாட்டாது. செர்னோபிலில் உலையைப் பிளந்தது நீராவியின் அமுக்கமேயன்றிக் குண்டன்று. இந்த அடிப்படையை அறியாமல் எழுதப்பட்ட கவிதையை உணர்ச்சிக் கவிதை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பொருளறியாத உணர்ச்சி எவ்வளவு நாளைக்கு உணர்ச்சியாக நிற்கும்?

இக்குழப்பத்தில் மொழிக்கும் பங்குண்டு. கதிரியக்கம், கதிர்வீச்சு, கதிரியக்க மாசு என்ற மூன்றையும் நாம் ஒன்றாகவே வழங்குகிறோம். சில பொருள்களின் அணுக்கரு தானாகவே சிதைந்து கதிரை வெளிவிடும் இயல்பு கதிரியக்கம். அவ்வாறு வெளிவந்து பரவுவது கதிர்வீச்சு. அத்தகைய பொருள் தூசாகவோ நீராகவோ மண்ணிலும் பாலிலும் உடலிலும் கலந்துவிடுவது மாசு. எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துக்கொண்ட நோயாளிமீது கதிர்வீச்சுப் பட்டது. ஆனால் அவர் மாசடையவில்லை. அவரைத் தொட்டவருக்கு எதுவும் ஒட்டாது. விளக்கொளியில் நின்றவன் வெளியே வந்தபின் ஒளிவீசுவதில்லை என்பதைப் போன்றதே இது. இந்த வேறுபாட்டைச் சொல்லப் போதிய சொற்கள் தமிழில் உண்டு. அவற்றைப் பிரித்தாளும் பொறுமைதான் நம்மிடம் இல்லை. இதற்கு மாறாக, திருவள்ளுவமாலையில் ஔவையார் பெயரால் வழங்கும் வெண்பாவை எடுத்துக்காட்டி, அணுவைப் பிளக்கும் வித்தையை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவோருக்குக் குறைவில்லை. அவ்வெண்பா குறளின் சுருக்கத்தைப் புகழ்வது, பௌதிகம் கற்பிப்பதன்று. பழம்பெருமைக்கு அணுவைத் துணைக்கழைப்பதும், பயமுறுத்துவதற்கு அதைத் துணைக்கழைப்பதும் ஒரே அறியாமையின் இரு முகங்களே.

இனி அளவைப் பார்ப்போம். கதிர்வீச்சு நமக்குப் புதிய பகைவனன்று. மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் மூச்சுக்காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் உலக மனிதன் ஒருவன் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவேட் பெறுகிறான். நமது உடலிலுள்ள பொட்டாசியத்திலிருந்து மட்டும் வினாடிக்கு ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைகின்றன. நெஞ்சுப் படம் ஒன்றினால் கிடைப்பது 0.1 மில்லிசீவேட்டுக்கு மேற்படாது, சி.ரி. பரிசோதனை ஒன்றினால் 10 வரை கிடைக்கலாம். கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கரையில் மொனசைற்று மணல் உண்டு. அதிலுள்ள தோரியம் கதிரியக்கமுடையது. அங்கே சில இடங்களில் வாழ்வோர் ஆண்டுக்கு 10 மில்லிசீவேட்டுக்கு மேற்பட்ட கதிர்வீச்சைத் தலைமுறை தலைமுறையாகப் பெற்றுவந்துள்ளனர். ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரி பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து செய்யப்பட்ட ஆய்வு 2009 இல் வெளிவந்தது. அம்மணலின் கதிர்வீச்சினால் புற்றுநோய் மிகுந்ததாக அவ்வாய்வு காணவில்லை. நம் நாட்டுப் புல்மோட்டைக் கனிய மணலிலும் மொனசைற்று சிறிதளவு உண்டு. இவற்றைக்கொண்டு எந்தக் கதிர்வீச்சும் தீங்கற்றது என்று முடிவுகட்டக்கூடாது. அளவு கூடக்கூடத் தீங்கும் கூடும் என்பதே விஞ்ஞானிகள் கைக்கொள்ளும் விதி. ஆனால் அளவைச் சொல்லாமல் கதிர்வீச்சு என்ற சொல்லை மட்டும் வீசுவது, எவ்வளவு உப்பு என்று சொல்லாமல் உப்பு கொல்லும் என்று எழுதுவதை ஒக்கும்.

பெருவிபத்துகளையும் இதே நேர்மையோடு நோக்கவேண்டும். 1986 ஏப்ரல் 26 இல் நிகழ்ந்த செர்னோபில் விபத்தில் கடுமையான கதிர்நோய்க்கு ஆளானோர் 134 பேர். அவர்களுள் 28 பேர் அவ்வாண்டிலேயே இறந்தனர். மிகுதியான கதிர்வீச்சுக்கு ஆளானோரிடையே காலப்போக்கில் 4,000 மரணங்கள் வரை நிகழலாம் என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2005 இல் மதிப்பிட்டன. இதனிலும் பன்மடங்கு கூறுவோரும் உளர். ஃபுக்குஷிமாவில் கதிர்வீச்சினால் நேர்ந்ததென ஜப்பானிய அரசு 2018 இல் ஏற்றுக்கொண்ட மரணம் ஒரு தொழிலாளியுடையது. ஆனால் வீடுவிட்டுப் பெயர்ந்து, மருந்தும் பராமரிப்பும் இழந்து, மனமுடைந்து அம்மாகாணத்தில் இறந்தோர் 2,000 பேருக்கு மேல். அவர்களுள் பெரும்பாலோர் முதியோர். இக்கணக்கு நமக்கு ஒரு பாடத்தைச் சொல்கிறது. அச்சமும், அச்சத்தின் பெயரால் எடுக்கப்படும் அவசர முடிவுகளும் தாமே உயிர் குடிக்க வல்லவை.

இப்போது நமது தீவுக்குத் திரும்புவோம். நயினை மக்கள் எதனால் நோயுறுகின்றனர்? சுண்ணக்கற் பாறையிற் தோண்டிய கிணற்றில் உவர்நீர். கங்குமட்டையும் ஓலையும் எரியும் குசினிக்குள் புகை. வெற்றிலைத் தட்டத்தில் பாக்கும் புகையிலையும். திண்ணையில் சுருட்டு. மின்சாரத்துக்குப் பல ஆண்டுகளாக டீசல் இயந்திரம். நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் குறிகட்டுவான் வரை கடல். அப்பால் வலிகாமத்தில், உரமும் மலக்குழியும் சேர்ந்து கிணற்று நீரிலே நைத்திரேற்றைப் பெருக்கியிருப்பதையும், அது பல இடங்களில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லையைக் கடந்திருப்பதையும் ஆய்வுகள் பலகாலமாகக் காட்டிவருகின்றன. வீட்டுப் புகையினால் 2020 ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு. புகையிலையால் ஆண்டுதோறும் இறப்போர் 70 இலட்சத்துக்கு மேல். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. பாக்கு தன்னளவிலேயே புற்றுநோயை விளைவிப்பது என்பதை அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உறுதிசெய்தது; டீசல் புகையை 2012 இல் அதே பட்டியலிற் சேர்த்தது. ஆம், நாங்கள் கவியரங்கிற் கதிர்வீச்சைப் பாடிய அதே 2012.

இன்னுமொன்று. புகையிலையில் பொலோனியம் என்னும் கதிரியக்கப் பொருள் உண்டு என்பதை அமெரிக்க ஆய்வாளர்களான ராட்ஃபோர்டும் ஹண்டும் 1964 இலேயே வெளியிட்டனர். புகையிலையின் கொலைத்தொழிலிற் பெரும்பங்கு வேறு நச்சுப் பொருள்களுடையது என்பது உண்மை. ஆயினும் சுருட்டுப் பிடிப்பவர் தம் நெஞ்சுக்குள் நாள்தோறும் சிறிது கதிரியக்கத்தையும் இழுக்கிறார். ஒருகாலத்தில் திருவிதாங்கூர் வரை கப்பலேறிய யாழ்ப்பாணப் புகையிலையைப் பற்றி நாம் பெருமையாக எழுதியிருக்கிறோம். தோட்டக்காரனின் உழைப்பைப் பற்றி எழுதியிருக்கிறோம். சுருட்டுத் தொழிலாளியின் கூலியைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். அவை எழுதப்படவேண்டியவைதாம். ஆனால் அவன் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்பதை எழுதியோர் எத்தனைபேர்? 275 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கதிருக்குக் கவிதை கிடைத்தது. விரலிடையில் எரிந்த கதிருக்குக் கிடைக்கவில்லை.

இதற்குக் காரணம் யாது? அணுவுலைக்கு ஓர் உருவம் உண்டு. அதற்குப் பின்னால் அரசு உண்டு, வல்லரசு உண்டு, பகைவனைச் சுட்டிக்காட்டுவது எளிது. அடுப்புப் புகைக்குப் பின்னால் கொடியேந்திய பகைவன் எவனும் இல்லை. அது பெண்களின் நோய், ஏழைகளின் நோய், அன்றாடம் நிகழ்வதாகையால் நிகழ்ச்சியாகவே கருதப்படாதது. வெற்றிலையோ மங்கலப் பொருள். சபையில் முதலில் நீட்டப்படுவது. யதார்த்தவாதம் பேசும் நாம், நாள்தோறும் கண்முன் நிகழும் யதார்த்தத்தை விட்டு, அச்சுறுத்தும் காட்சியைத் தேடி ஓடியிருக்கிறோம். இதனை நமது இலக்கிய நோக்கின் குறைபாடு என்றே கொள்ளவேண்டும்.

இவ்விடத்தில் என் வீட்டுச் செய்தி ஒன்றைக் கூற வாசகர் பொறுத்தருள வேண்டும். கவிதை படித்த மறுவருடம் என் அப்பாச்சியின் கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண் கண்டது. அறுபது ஆண்டுகள் வெற்றிலையோடு புகையிலை போட்டவர் அவர். வைத்தியர்கள் புற்றுநோய் என்றனர். மகரகமைக்குச் சென்று கதிர்ச்சிகிச்சை பெறுமாறு கூறினர். அப்பாச்சி மறுத்துவிட்டார். நான் வற்புறுத்தியபோது அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏன் ராசா, ஊரையே எரிக்குமெண்டு நீ எழுதி வாசிச்ச கதிரைத்தானே இப்ப எனக்கு அடிக்கச் சொல்லுறாய்? பிறகு பிள்ளையளை நான் மடியிலை வைச்சிருக்கேலுமோ?” கவியரங்கின் ஒலிப்பதிவை வீட்டாருக்குப் பெருமையாகப் போட்டுக் காட்டியவன் நானே. வெளியிலிருந்து செலுத்தும் கதிர் உடலில் தங்காது, பேரப்பிள்ளைகளுக்கு ஒட்டாது என்று அவருக்கு விளக்கிக்கூறும் அறிவு அன்று எனக்கு இருக்கவில்லை. வேறொருவர் விளக்கி, அவர் இணங்கி, கொழும்புக்குப் புறப்பட நான்கு மாதம் கடந்துவிட்டது. முன்னரே சென்றிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அதை அறிய வழியில்லை. ஆனால் அந்த நான்கு மாதத்தில் என் கவிதைக்கும் பங்கு உண்டு. எழுத்துக்குச் சமுதாயப் பயன் உண்டு என்று நம்புகிறவன், எழுத்தால் விளையும் கேட்டுக்கும் பொறுப்பேற்கவேண்டும்.

அணுவின் கொடுமையை எழுதக்கூடாது என்பது இதன் பொருளன்று. எழுதியோர் எவ்வாறு எழுதினர் என்பதைப் பார்ப்போம். ஜப்பானிய நாவலாசிரியர் இபுசே மசுஜியின் ‘கறுப்பு மழை’ 1965, 1966 ஆம் ஆண்டுகளில் தொடராக வெளிவந்தது. ஹிரோஷிமாவைப் பற்றிய தலைசிறந்த நாவல்களுள் அது ஒன்று. அதன் மையம் குண்டு வெடித்த காட்சியன்று. ஒரு கலியாணப் பேச்சு. யசுக்கோ என்னும் பெண்ணுக்குக் கதிர்நோய் என்று ஊரார் கதைக்கின்றனர்; வரன்கள் தட்டிப்போகின்றன. அவளை வளர்த்துவரும் மாமனார் அவள் அவ்வேளை எங்கிருந்தாள் என்பதை நிறுவுவதற்காக நாட்குறிப்புகளைப் பிரதிசெய்கிறார். இலேசான நோயுள்ள அவரும் நண்பரும் கடின வேலை செய்ய இயலாமல் மீன் வளர்க்கின்றனர். அதற்கும் ஊரார் சோம்பேறிகள் என்கின்றனர். இறுதியில் யசுக்கோவுக்கு நோய் உண்மையிலேயே வந்துவிடுகிறது. கதிர்வீச்சின் கொடுமையையும், கதிர்வீச்சுப் பற்றிய வதந்தியின் கொடுமையையும் ஒரே நாவலில் இபுசே காட்டிவிடுகிறார். எங்கே இருந்தாள், எப்போது மழை பெய்தது, என்ன உண்டனர் என்று விவரம் விவரமாகச் சொல்வதனாலேயே அவரால் இது முடிந்தது. சாதகக் குறிப்புக்காகக் கலியாணங்கள் குழம்பும் நமது நாட்டில் இந்நாவலின் பொருள் எவருக்கும் விளங்கும்.

2015 இல் நோபல் பரிசு பெற்ற ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச், செர்னோபில் மக்களின் குரல்களைத் தொகுத்து 1997 இல் நூலாக வெளியிட்டார். அங்கேயும் பேசுவோர் தீயணைப்பு வீரனின் மனைவி, படைவீரன், கிராமத்துக் கிழவி முதலியோரே. அவர்களின் பேச்சில் பாலும் உருளைக்கிழங்கும் காளானும் வருகின்றன. அந்நூலிலும் அளவு குறைவு. வதந்திக்கும் உண்மைக்கும் இடையே ஆசிரியர் கோடு இழுப்பதில்லை. அது அதன் குறை. ஆயினும் பால் என்ற ஒரு சொல்லே செர்னோபிலின் பெரும் பாடத்தை அடக்கியுள்ளது. விபத்தின் பின் கதிரியக்க அயடீன் புல்லிற் படிந்து, பசுவின் பாலில் வந்து, குழந்தைகளின் தைரொயிட் சுரப்பியை அடைந்தது. அக்காலத்தில் சிறுவராயிருந்தோரிடையே 2005 வரையில் 6,000 க்கு மேற்பட்ட தைரொயிட் புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. பெரும்பாலோர் சிகிச்சையால் பிழைத்தனர். 15 பேர் இறந்தனர். சில வாரங்களுக்குப் பாலை நிறுத்தியிருந்தால் இவற்றுட் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். ஆனால் ஆட்சியாளர் உடனே உண்மை கூறவில்லை. சுவீடன் நாட்டில் கதிர்வீச்சு உணரப்பட்ட பின்னரே, இரண்டு நாள் கழித்து, மொஸ்கோ வாய் திறந்தது. அங்கே மக்களுக்குத் தேவைப்பட்டது அளவறிந்த அச்சம். அது மறுக்கப்பட்டது. பின்னர் வந்ததோ அளவற்ற அச்சம். அது பல ஆண்டுகள் அவர்களின் மனத்தை அரித்தது. விபத்தினால் விளைந்த மிகப்பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை மனநலக் கேடே என்று 2005 அறிக்கை கூறிற்று.

இதனாலேயே, பயமுறுத்தும் எழுத்தைக் கண்டிக்கும் அதே வேளையில், தேற்றும் எழுத்தையும் நாம் கண்டிக்கவேண்டியவராகிறோம். 2011 நவம்பரில் அப்துல் கலாம் கூடங்குளம் சென்று பார்வையிட்டு, உலை முற்றிலும் பாதுகாப்பானது என்று அறிவித்தார். நமது தீவிலிருந்து அறுபது கிலோமீற்றரில் உள்ள இராமேசுவரத்தில் பிறந்தவர்; தமிழர் அனைவரும் மதித்த விஞ்ஞானி. ஆயினும், முற்றிலும் என்ற சொல் விஞ்ஞானத்தின் சொல்லன்று. ஃபுக்குஷிமாவின் சாம்பல் ஆறாத ஆண்டில் அச்சொல்லைப் பயன்படுத்தியது மக்களின் ஐயத்தை வளர்த்ததேயன்றித் தணிக்கவில்லை. அவரைத் தொடர்ந்து எழுதியோர் ஓர் எளிய வாதத்தைக் கைக்கொண்டனர். வீதி விபத்தில் இறப்போர் எத்தனை, புகைபிடித்து இறப்போர் எத்தனை, அவற்றுக்கு அஞ்சாதவர் அணுவுலைக்கு அஞ்சலாமா என்பதே அவ்வாதம். கணக்கு சரியானது. அதே கணக்கைத்தான் நானும் மேலே எழுதினேன். ஆனால் கணக்கு யாரிடம், எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதில் வேறுபாடு உண்டு. நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து, இவ்வளவுதான் கதிர், அஞ்சாதே என்று சொல்வது வைத்தியம். போராடுவோனின் வாயை அடைப்பதற்காக அதனைச் சொல்வது அதிகாரம்.

இடிந்தகரை மக்கள் கேட்டது கதிர்வீச்சின் அளவை மட்டுமன்று. எங்களைக் கேட்டீர்களா, விபத்து நேர்ந்தால் எங்கே போவோம், எங்கள் மீனை யார் வாங்குவார் என்று கேட்டனர். அவர்கள்மீது ஆயிரக்கணக்கில் வழக்குகள் பதியப்பட்டன. தேசத்துரோகக் குற்றமும் சாட்டப்பட்டது. 2012 செப்டெம்பர் 10 இல் கடற்கரையில் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. மணப்பாட்டில் மீனவர் ஒருவர் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். தொல்காப்பியர் நான்காவதாக எண்ணிய அரசன்பால் வரும் அச்சம் இதுவேயாகும். மீனைப் பற்றிய அவர்களது கவலையும் வீண் கற்பனையன்று. 1954 மார்ச் முதலாந் தேதி பிக்கினித் தீவில் அமெரிக்கா நடத்திய குண்டுச் சோதனையின் சாம்பல், தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின்மீது விழுந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலி இயக்குநர் குபோயாமா அவ்வாண்டு செப்டெம்பரில் இறந்தார். அதன்பின் ஜப்பானிய மீன் சந்தைகளே அச்சத்தால் முடங்கின. தீங்கில்லாத மீனையும் அச்சம் விலைபோகாததாக்கும் என்பதைக் கடலோடி அறிவான். சதவீதக் கணக்கில் அது வருவதில்லை.

வேறொரு வாதமும் உண்டு. அடுப்பும் புகையிலையும் தாமே தேடிக்கொண்டவை. அணுவுலை பிறர் சுமத்தியது. ஆதலின் இரண்டையும் ஒப்பிடலாகாது என்பர். புகையிலையைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். அடுப்பைப் பொறுத்தவரை இது உண்மையன்று. 2022 இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்து எரிவாயு கிடையாமற் போனபோது, வாயு அடுப்புக்கு மாறியிருந்த எத்தனையோ வீடுகள் மீண்டும் விறகுக்குத் திரும்பின. அப்பெண்கள் புகையைத் தேர்ந்தெடுத்தார்களா? கொழும்பிலும் வெளிநாடுகளிலும் செய்யப்பட்ட முடிவுகள் அவர்களது நெஞ்சுக்குள் புகையாக வந்து சேர்ந்தன. நைத்திரேற்றுக் கலந்த கிணற்று நீரைத் தாய் தேர்ந்தெடுத்தா குழந்தைக்குக் கொடுக்கிறாள்? அன்றாட அபாயங்களைத் தனிமனிதனின் பழக்கவழக்கம் என்று ஒதுக்குவோர், அவற்றுக்கும் ஒரு பொருளாதாரம் உண்டு, ஓர் ஆட்சி உண்டு என்பதை மறைக்கின்றனர். அணுவுலையை எதிர்க்கும் எழுத்தாளனும் அடுப்பை மறந்துவிடுவானாயின், அவனையறியாமலே இந்த மறைப்புக்குத் துணைபோகிறான்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். அணுவை வேண்டாம் என்போர், எதை வேண்டும் என்பதையும் கூறவேண்டும். சுன்னாகத்தில் அணுவுலை எதுவும் இருக்கவில்லை. எண்ணெயில் மின்சாரம் பிறந்தது. அந்த எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளிற் கலந்ததை எதிர்த்து 2014, 2015 ஆம் ஆண்டுகளில் மக்கள் போராடினர். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் வெயிலாலும் காற்றாலும் மின்சாரம் தரும் திட்டத்துக்கு இந்தியாவும் இலங்கையும் 2022 மார்ச்சில் உடன்பாடு செய்தன. அத்திட்டம் முதலில் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டதும், பின்னர் கைவிடப்பட்டதும் வல்லரசுப் போட்டியின் கதை. நம் மக்களின் நுரையீரல் அக்கதையில் பாத்திரமாக வரவில்லை. நல்ல நாவலாசிரியன் கையிற் கிடைத்தால் அதனை வரவைக்கலாம்.

எனவே கதிர்வீச்சைப் பற்றியோ வேறெந்த அபாயத்தைப் பற்றியோ எழுதப்புகும் படைப்பாளியிடம் விமர்சகன் மூன்றை எதிர்பார்க்கலாம். யாருடைய உடல் என்பது படைப்பில் தெரியவேண்டும். எவ்வளவு என்பதைப் படைப்பாளியாவது அறிந்திருக்கவேண்டும்; கவிதையில் மில்லிசீவேட் வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் எழுதுகிறவன் மனத்தில் அது இருக்கவேண்டும். அந்த அபாயத்தை யார் முடிவுசெய்தார், யார் சுமக்கிறார் என்ற வினா எழவேண்டும். இம்மூன்றும் இல்லாத எழுத்து, எத்துணை முற்போக்கான கொடியைப் பிடித்தாலும், பழைய பேய்க்கதையின் புதிய பதிப்பேயாகும். வள்ளுவர் அஞ்சுதலைப் பற்றி அறிவுடைமை அதிகாரத்திற் பேசியிருப்பது தற்செயலன்று. அச்சம் அறிவோடு சேர்ந்தபோதுதான் அது மனிதனைக் காக்கிறது.

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவருக்கு ‘அணு ஆபத்து’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். முப்பது கொப்பிகளிலும் காளான் முகில் எழுந்தது. என் பழைய கவிதையே முப்பது மடங்காகத் திரும்பி வந்தது போலிருந்தது. மறுவாரம் ‘எங்கள் வீட்டுக் குசினி’ என்று கொடுத்தேன். ஒரு மாணவி, தன் தாய் விடியற்காலையில் இருமிக்கொண்டே அடுப்பு ஊதுவதையும், கூரையில் ஓர் ஓட்டை இருந்தால் புகை போகும், ஆனால் மழை வரும் என்று தகப்பன் தள்ளிப்போடுவதையும் ஒன்றரைப் பக்கத்தில் எழுதியிருந்தாள். அலங்காரம் எதுவும் இல்லை. அதைப் படித்துவிட்டு அவளிடம் நான் சொன்னது ஒன்றுதான்: இதை வீட்டில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டு. அடுத்த மாதம் அந்த வீட்டுக் குசினியில் புகைபோக்கி ஒன்று வைக்கப்பட்டது.

கூடங்குளத்தைப் பற்றி எழுதுவோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் அடுப்படியிலிருந்து எழுதத் தொடங்குவோம்.